கேடி உடைத்த கிரீடம்: வென்ற பிறகுதானே உடைத்தாள்?

வெண்பலகை: 2004இல் வெளிவந்த 'மீன் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கப் பள்ளிப் படம் "பள்ளிக் கோஷ்டிகளுக்கே சமாதி கட்டிவிட்டது" என்று தேன்மொழி நேற்று எழுதியதைப் படித்த பின் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளி நடன விழாவில் அரசியாகத் தேர்வான நாயகி கேடி தன் கிரீடத்தை உடைத்து, சக மாணவிகளான கிரெச்சன், ஜேனிஸ், முன்பு பள்ளியை ஆட்டிவைத்த கோஷ்டியின் தலைவி ரெஜினா ஆகியோருக்குத் துண்டுகளைக் கொடுத்து, மீதியைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறாளே, அந்த ஒரு காட்சிதான் அவர் காட்டும் ஆதாரம். அவள் முதலில் அரசியாக வென்றாள், பிறகுதான் உடைத்தாள். தோற்றிருந்தால் எதை உடைத்திருப்பாள்?

தேன்மொழி: படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதினால் நலம். கணிதப் போட்டி முடிந்து, அந்த அணியின் மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் விழாவுக்குள் நுழைபவள் கிரீடத்துக்கு ஆசைப்பட்டா வந்தாள்? சக மாணவிகளைப் பற்றி ரெஜினாவின் கோஷ்டி வசை எழுதிவைத்த அவதூறுப் புத்தகத்தின் பழி முழுவதையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, பள்ளியின் வெறுப்புக்கு ஆளானவள் அவள்.

வெண்பலகை: நீங்களே என் வழக்கை வாதாடிவிட்டீர்கள், நன்றி. பழி சுமந்த பிறகும், அலங்காரம் இல்லாமல் வந்த பிறகும் கிரீடம் அவளுக்கே போகிறது என்றால், ரெஜினாவிடமிருந்து பறித்த செல்வாக்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்! வென்ற பிறகுதான் உடைத்தாள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தேநீர்க்கோப்பை: இந்தப் படத்தை இயக்கிய மார்க் வாட்டர்ஸின் அண்ணன் டேனியல் வாட்டர்ஸ் எழுதியதுதான் 1989இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'ஹெதர்ஸ்'. அதுவும் பள்ளிக் கோஷ்டியின் கதைதான். அதன் முடிவில் நாயகி வெரோனிகா, கோஷ்டித் தலைமைக்கு அடையாளமாக எதிரியின் தலைமுடியில் இருக்கும் சிவப்பு முடிப்பட்டையை உருவித் தனக்கே கட்டிக்கொள்கிறாள். அண்ணன் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நேர்மையாகச் சொன்னதைத் தம்பி சர்க்கரை தூவிப் பரிமாறியிருக்கிறார்.

தேன்மொழி: 'கிளூலெஸ்' என்ற இன்னொரு பள்ளிப் படத்துக்கு மூலம் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல் என்று நான் எழுதியபோது "எல்லாவற்றுக்கும் நாவல் தேடும் நோய்" என்று கேலி செய்த தேநீர்க்கோப்பை, இப்போது குடும்ப மரமே வரைகிறார். திரைக்கதை எழுதியவர் டினா ஃபே என்பதாவது நினைவிருக்கிறதா? இரண்டு படங்களுக்கும் சம்பந்தமில்லை.

தேநீர்க்கோப்பை: சம்பந்தமில்லை என்று தீர்ப்பெழுதும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? கேலி செய்தது உண்மை; தேவைப்பட்டதால் செய்தேன்.

வெண்பலகை: குடும்ப விவகாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். ரோசலிண்ட் வைஸ்மன் 2002இல் பெற்றோருக்காக எழுதிய 'குவீன் பீஸ் அண்ட் வானபீஸ்' கதையே இல்லாத வழிகாட்டி நூல். அதிலிருந்து கதையை உருவாக்கிய ஃபேவுக்குத் தன் நாயகியைத் தோற்கடிக்கும் உரிமை முழுமையாக இருந்தது. அவரோ அவளை அரசியாக்கிய பிறகே தாராள மனம் காட்ட வைக்கிறார். அடுத்து என்ன நடக்கிறது? ரெஜினா லக்ரோஸ் என்ற, வலைக்கோலால் ஆடும் பந்தாட்டம் விளையாடப் போகிறாள், கிரெச்சன் வேறொரு கோஷ்டியில் சேர்கிறாள். ஆட்கள் இடம் மாறினார்களே தவிர கோஷ்டிகள் கலையவில்லை. கடைசியில் புதிதாக மூன்று சிறுமிகள் அதே மிடுக்கோடு நடந்து வருகிறார்கள். சமாதி எங்கே கட்டியிருக்கிறது என்று தேன்மொழிதான் காட்ட வேண்டும்.

தேன்மொழி: லக்ரோஸ் மைதானத்தில் ரெஜினா தன் கோபத்துக்கு ஒரு வடிகாலைக் கண்டுகொள்கிறாள். அதை மாற்றம் என்று ஏற்க மறுப்பவருக்கு எந்தக் காட்சியைக் காட்டியும் பயனில்லை. கிரீடத்தை உடைத்தாள், பங்கிட்டாள், அவ்வளவுதான்.

வெண்பலகை: வென்ற பிறகு.

தேன்மொழி: உடைத்தாள்.

தேநீர்க்கோப்பை: சிவப்பு முடிப்பட்டையைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.