லே மிசராப்ல்: நாவலை முடித்தவர் எந்தப் படத்தில் தொடங்கலாம்?

கேள்வி:
விக்டர் யூகோவின் நாவலை, வாட்டர்லூ போர், பாரீஸின் பாதாளச் சாக்கடைகள் என எந்த அத்தியாயத்தையும் தாண்டாமல் முழுக்கப் படித்து முடித்தேன். இனிப் படம் பார்க்க ஆசை. 1998-இல் வந்த பில் ஆகஸ்டின் படத்தை நண்பர்கள் சிபாரிசு செய்கிறார்கள். பாட்டாகவே நகரும் படம் எனக்கு ஒத்துவராது. எதில் தொடங்கலாம்?

பதில் 1:
1998 படத்தில் லியம் நீசனும் ஜெஃப்ரி ரஷ்ஷும் நடிப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் முழு நாவலையும் படித்த உங்களுக்கு அதன் முடிவு எரிச்சல் மூட்டும். துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவேர் சேன் நதியில் விழுகிறார், நாயகனான முன்னாள் கைதி ழான் வால்ழான் புன்னகையோடு நடந்து போகிறார், படம் முடிந்தது! 1935-இன் ஹாலிவுட் படமும் ஜாவேரின் சாவோடு கடையைக் கட்டிவிடுகிறது.

துரத்தியவன் செத்தால் கதை தீர்ந்தது என்பது போலீஸ்-திருடன் கணக்கு. யூகோ அதற்குப் பிறகுதான் மனிதரைப் பிழிந்தெடுக்கிறார். பிடிக்க ஆளே இல்லாதபோது, வளர்ப்பு மகள் கோசெத்தின் திருமணத்துக்கு மறுநாள், வால்ழான் தானாகப் போய் மருமகன் மரியுஸிடம் தான் பழைய கைதி என்று சொல்கிறார். அதன்பின் மகளைப் பார்க்க அவருக்குக் கிடைப்பது கீழ்த்தளத்து ஈர அறை. ஒருநாள் அங்கே கணப்பு எரிவதில்லை; இன்னொரு நாள் நாற்காலிகளே இல்லை. வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிடுகிறது. இதை வெட்டியவர்கள் எதைப் படமாக்கினார்கள்?

ரேமோன் பெர்னாரின் 1934 படத்தில் தொடங்குங்கள். மூன்று பாகங்கள், நான்கரை மணி நேரம். வால்ழானின் மரணம் வரை போகிறது. ஹாரி பௌர் வால்ழானாகவும், அவர் என்று தவறாகப் பிடிபடும் ஷான்மத்தியூவாகவும் நடித்திருக்கிறார். அதனால் அராஸ் நீதிமன்றக் காட்சியில் அந்த ஆள்மாறாட்டத்தை நம்ப முடிகிறது. வேறு பெயரில் மேயராக இருக்கும் வால்ழான் எழுந்து உண்மையைச் சொல்வதன் விலையும் தெரிகிறது.

பதில் 2:
பாட்டுப் படம் என்று 2012 படத்தை ஒதுக்காதீர்கள். டாம் ஹூப்பர் நடிகர்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பாட வைத்துப் பதிவு செய்தார். ஆன் ஹாத்வேயின் குரல் உடைவது அப்படியே கேட்கிறது. ஆஸ்கர் சும்மா கொடுக்கவில்லை. முந்தைய பதிலில் வருந்திய கடைசிப் பகுதியும், சுருக்கமாகவேனும், இதில் உண்டு.
இதே நாவலைத் தழுவிய நம் 'ஏழை படும் பாடு' (1950) ஏன் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை? கே. ராம்நாத் இயக்கம், நாகையா நாயகன். இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமன் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமனாகவே அறியப்பட்டார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 1934 படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ழான் கபேன் நடித்த 1958 படம் எப்படி?

பதில் 1:
வண்ணப் படம், கபேன் கம்பீரம். எனக்குக் கொஞ்சம் அதிகக் கம்பீரம். பத்தொன்பது ஆண்டு சிறையில் கிடந்த முதுகு அதில் தெரிவதில்லை. ஆனால் சிரிக்க வைத்தே பெயர் வாங்கிய பூர்வில் அதில் விடுதிக்கார அயோக்கியன் தெனார்தியேவாக வருகிறார். அவருக்காகவே ஒருமுறை பார்க்கலாம், இரண்டாவதாக.