கழிப்பறைக்கு ‘ஜான்’ என்று பெயர்: காரணம் ஒரு ஆளா, பெயரின் பரவலா?

சொல்வேட்டை: அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘ஜான்’ என்றால் கழிப்பறை. காரணம் சர் ஜான் ஹாரிங்டன். தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறையை விளக்கி 1596ல் புத்தகம் எழுதியவர். முதலாம் எலிசபெத் ராணிக்கு ரிச்மண்ட் அரண்மனையில் ஒன்று அமைத்தும் கொடுத்தார். ஒரு பெயர் கொச்சையாக இறங்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்பது என் வாதம். லண்டன் போலீஸ்காரருக்கு ‘பாபி’ (ராபர்ட்டின் செல்லப்பெயர்) என்ற பெயர் 1829ல் அந்தப் படையை உருவாக்கிய ராபர்ட் பீலால் வந்தது. நம் யூடியூபர்கள் ‘ஹாய் கைஸ்’ என்கிறார்களே, அந்தக் ‘கை’ இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த 1605 வெடிமருந்துச் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸின் பெயர்.

பழஞ்சுவடி: ஹாரிங்டன் கதை தேதியிலேயே அடிபட்டுப் போகிறது நண்பரே. ‘ஜான்’ போலவே ஆட்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ‘ஜேக்ஸ்’ என்ற சொல் கழிப்பறைக்கு 1530களிலேயே எழுத்தில் இருக்கிறது. அவர் தன் புத்தகத்தின் தலைப்பில் ‘ஏஜாக்ஸ்’ என்ற கிரேக்க வீரனின் பெயரை வைத்தார். ‘எ ஜேக்ஸ்’ என்று காதில் விழும், அதுதான் சிலேடை. வாசகனுக்கு ஜேக்ஸ் முன்பே தெரிந்திருந்தால்தானே அந்தச் சிலேடை எடுபடும்?

இடமும் ஒத்துவரவில்லை. ‘ஜான்’ அமெரிக்க வழக்கு. 1735ஆம் ஆண்டு ஹார்வர்ட் கல்லூரி விதி ஒன்றில், முதலாண்டு மாணவர்கள் ஆசிரியர்களின் ‘கஸ்ஜான்’ பக்கம் போகக்கூடாது என்று வருகிறது. அது ‘கசின் ஜான்’ என்பதன் சுருக்கம். சொல்லக் கூசும் இடத்துக்கு உறவுக்காரப் பையனின் பெயரைச் சூட்டி மறைத்திருக்கிறார்கள். அதற்கு ஜானைவிடச் சாதாரணமான பெயர் கிடைக்காது.

இந்த மாதிரிக் கதை எது வந்தாலும் மூன்றைப் பாருங்கள்: சொல்லின் முதல் எழுத்துச் சான்று அந்த ஆளுக்கு முந்தியதா, அவர் வாழ்ந்த ஊரில் அந்தச் சொல் புழங்கியதா, ஆளுக்கும் இன்றைய பொருளுக்கும் நடுவே படிகள் தெரிகின்றனவா. ஹாரிங்டன் மூன்றிலுமே தேறவில்லை.

அச்சுக்கோப்பான்: பரவலுக்குச் சரியான சாட்சி ‘ஜாக்’. ஜானின் செல்லப்பெயர்தான் அது. இடைக்கால இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே ஊரெல்லாம். ஒரே தெருவில் நாலு ரிச்சர்ட் இருந்தால் பிரித்துக் கூப்பிட வேண்டுமே. ரிக், டிக், ஹிக் என்று முதலெழுத்தை மாற்றினார்கள். ராபர்ட் அப்படித்தான் ராப், பாப், ஹாப் ஆனார். பிறகு ‘ஹிக்’ என்றாலே பட்டிக்காட்டான் என்றாகிவிட்டது. நம் ‘குப்பன் சுப்பன்’ போலத்தான் அவர்களுடைய ‘டாம், டிக், ஹாரி’.

ஜாக் முதலில் ‘எவனோ ஒரு பையன்’, பிறகு வேலைக்காரன். அதன்பின் வேலைக்காரன் செய்ததைச் செய்யும் கருவிக்கும் அதே பெயர்: பூட்ஸ் கழற்றும் கட்டை பூட்ஜாக், இறைச்சிக் கம்பியைச் சுழற்றும் பொறி ரோஸ்டிங் ஜாக், கனம் தூக்குவதும் ஜாக். சீட்டுக்கட்டில் இன்று ஜாக் எனப்படும் அட்டைக்கு முதலில் ‘நேவ்’ என்றுதான் பெயர். மூலையில் எழுத்து அச்சடிக்கத் தொடங்கியபோது அதன் ‘கேஎன்’ ராஜாவின் ‘கே’யோடு குழம்பியது. கையில் விசிறி போல விரித்துப் பிடித்தால் மூலை மட்டும்தானே தெரியும்? அதனால் ‘ஜே’ வென்றது. பஞ்சர் கடை ஜாக்கிக்கும் நம் சீட்டுக்கட்டு ஜாக்கிக்கும் மூலம் அந்த ஒரே பையன். இதில் தனி ஆள் எங்கே?

சொல்வேட்டை: ஹாரிங்டனை விட்டுவிடுகிறேன். ஆனால் உங்கள் மூன்று சோதனையிலும் ‘கை’ தேறுகிறதே! சதி பிடிபட்ட நாளான நவம்பர் 5 தோறும் எரித்த கை ஃபாக்ஸின் உருவ பொம்மைக்குக் ‘கை’ என்று பெயர். பிள்ளைகள் அதைத் தெருவில் வைத்து ‘கைக்கு ஒரு பென்னி’ என்று காசு கேட்டார்கள். அடுத்து, கந்தலும் கோமாளித்தனமுமாக உடுத்தியவன் ‘கை’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எந்த ஆணும் ‘கை’. இன்று பன்மையில் பெண்களும் அடக்கம். படிக்குப் படி ஒரு பொருள் உதிர்கிறது. அந்தப் பெயரோ ஜான் அளவுக்குப் பரவலானதே அல்ல.

பழஞ்சுவடி: ‘கை’ உங்களுடையதுதான், மறுக்கவில்லை. பாபியில் பாதி மட்டும் தருவேன். அதே பீலின் குடும்பப் பெயரிலிருந்து ‘பீலர்’ என்ற சொல்லும் வந்தது. அது பெரும்பாலும் அயர்லாந்துப் பக்கம் ஒதுங்கிவிட, இங்கிலாந்தில் நிலைத்தது பாபி. பீல் வழி காட்டினார்; வீட்டுக்கு வீடு ஒரு பாபி இருந்ததால் சொல் ஒட்டிக்கொண்டது.

சமீபத்திய ‘கேரன்’ இன்னும் தெளிவு. அதிகாரம் காட்டும் நடுவயது வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அந்தப் பெயர். 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க வந்த ஒரு கறுப்பினத்தவர் மீது போலீஸை அழைத்ததற்காக உலகமே கேரன் என்று அழைத்த பெண்ணின் பெயர் கேரன் அல்ல. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையின் பெயர்ப் பட்டியலில் 1965ல் கேரன் மூன்றாம் இடம்.

சொல்வேட்டை: அதே 1965ல் முதலிடம் லிசா, இரண்டாமிடம் மேரி. பரவல்தான் காரணமென்றால் மேரி அல்லவா மாட்டியிருக்க வேண்டும்?

அச்சுக்கோப்பான்: மேரி எல்லாத் தலைமுறையிலும் உண்டு, அது வயதைக் காட்டாது. கேரன் ஒரு காலத்தில் குவிந்து, பிறகு சரிந்த பெயர். பெயரைக் கேட்டதும் வயது தெரிய வேண்டும், ஏசுவதற்கு அதுதான் தேவை. கறுப்பின அமெரிக்கர்கள் முன்பே ‘மிஸ் ஆன்’ என்று எஜமானித்தனம் காட்டும் வெள்ளைப் பெண்ணைக் குறித்து வந்தார்கள். இடம் தயாராக இருந்தது, பெயர் மட்டும் மாறியது.

சொல்வேட்டை: அப்படியானால் பரவல் மட்டும் போதாது, குவிந்த காலமும் வேண்டும் என்கிறீர்கள். இதை ஏற்கிறேன். முதல் பதிவில் ஹாரிங்டன் வரியை அடித்துவிட்டு ‘கசின் ஜான், 1735’ என்று திருத்துகிறேன். ‘கை’ இருந்த இடத்திலேயே இருக்கும்.