பாயிண்ட் ஹீட்டருக்குப் பனி உணரி வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

எங்கள் ரயில் யார்டில் தண்டவாளப் பாயிண்ட்களுக்கு (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் இடங்கள்) மின்சார ஹீட்டர் இருக்கிறது. ஆனால் ஆள் போய்த்தான் சுவிட்ச் போட வேண்டும். மறந்தால் நகரும் தண்டவாளத்துக்கும் நிலையானதற்கும் நடுவே பனி இறுகி, பாயிண்ட் முழுதாகப் பொருந்தாது, சிக்னலும் கிடைக்காது. அணைக்க மறந்தால் வெயிலிலும் கரண்ட் வீணாகும். சென்ற மாதம் இரண்டுமே நடந்தது, அதுவும் ஒரே வாரத்தில்!

அதனால் தானாக இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப் போகிறோம். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் ஹீட்டரை இயக்கும் வகை. உணரியின் தலை லேசாகச் சூடாக இருக்கும். அதில் விழும் பனி உருகி நீரானதும் மின்சாரம் கடத்தும், அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. இதுவரை சரி.

எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். கம்பத்தின் மேல் வைத்தால் வானத்திலிருந்து விழும் பனி தெரியும். காற்று தரையோடு அடித்து வரும் பனியோ, வண்டிக்கு அடியிலிருந்து உதிரும் பனிக்கட்டியோ தெரியாது. தண்டவாளங்களுக்கு நடுவே வைத்தால் கிரீஸும் அழுக்கும் படியுமே என்று பயம். இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

அப்புறம், தண்டவாள வெப்பநிலை உணரியை டிராக் சர்க்யூட்டை (தடத்தில் வண்டி நிற்கிறதா என்று தண்டவாளம் வழியே மின்சாரம் விட்டுக் கண்டறியும் சுற்று) பாதிக்காமல் எப்படி மின்காப்பிட்டீர்கள்? பனி நின்றபின் ஹீட்டரை எவ்வளவு நேரம் ஓடவிடுகிறீர்கள்? உருகிய நீர் வடியுமுன் அணைந்தால் அதுவே பனிக்கட்டியாகிப் பாயிண்டைப் பிடித்துக்கொள்கிறது. முடிந்தால் பொருத்திய படமும் போடுங்கள்.