‘வரிசையெண்’ வேண்டாம், ‘இடவெண்’ என்போம்: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பட்டியலைத் தரவுத்தளத்தில் சேமிக்கும்போது, ஒவ்வோர் உறுப்பும் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று எழுதிவைக்கும் நிரலை (அட்டவணையின் column) ‘ஆர்டர் காலம்’ (order column) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> ஆர்டர் காலம் என்பதற்கு ‘வரிசையெண்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும். வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம். (ஒலிபெயர்ப்பாக விடவும் முடியாது. ‘ஆர்டர் காலம்’ என்றால் நேரம் போலவும், எடுக்கும்போது அடுக்கச் சொல்லும் ‘ஆர்டர் பை’ (order by) என்றால் தோளில் மாட்டுவது போலவும் ஒலிக்கிறது.)

முதலில் பொருளைப் பார்ப்போம். ‘வெண்பா’ என்று ஒரு வகுப்பு (class) எழுதி, அதற்குள் ‘அடிகள்’ என்றொரு பட்டியல் வைத்தேன். ஜாவா மொழியில் எழுதியவற்றின் தரவைத் தரவுத்தளத்தில் சேமித்துத்தரும் ஹைபர்னேட் என்ற கருவி வழியாக, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சேமித்தேன். எடுத்துப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காக வந்தது. ஒருநாள் இரண்டாம் அடியில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். அடுத்த முறை எடுத்தால் அந்த அடி கடைசியில் கிடக்கிறது, முச்சீர் ஈற்றடி அதற்கு மேலே நிற்கிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. திருத்திய நிரையை (அட்டவணையின் row) போஸ்ட்கிரெஸ் புதிய பதிப்பாக வேறிடத்தில் எழுதிவைக்கும், அவ்வளவுதான். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் தொடர்புசார் மாதிரியை (relational model) முன்வைத்த காட் (Codd), 1970 கட்டுரையிலேயே நிரைகளின் வரிசைக்குப் பொருளில்லை என்று சொல்லிவிட்டார். பட்டியலுக்கோ வரிசைதான் உயிர்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தேதி, பெயர் போல ஏற்கெனவே தரவில் உள்ள ஒன்றைக்கொண்டு எடுக்கும்போது அடுக்குவது ஒன்று, அதுதான் ஆர்டர் பை. வெண்பாவின் அடிகளை அகரவரிசையில் அடுக்கி என்ன பயன்? ஆகவே ஒவ்வோர் அடியும் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதையே தனி நிரலில் எழுதிவைப்பது மற்றொன்று. ஹைபர்னேட்டில் முன்பே இருந்த இந்த ஏற்பாடு, ஜாவாவில் இத்தகைய சேமிப்புக்கான பொதுத் தரமான ஜேபிஏவின் (JPA) 2009-இல் வந்த 2.0 பதிப்பில் ஆர்டர் காலம் என்று தரமாக்கப்பட்டது. முன்னதை ‘வரிசைப்படுத்தல்’ என்றும் பின்னதை ‘வரிசை காத்தல்’ என்றும் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி அந்த நிரலுக்குப் பெயர். ‘வரிசையெண்’ என்றதும் நம் கண்முன் வருவது ‘வ.எண்’. அச்சிடும்போது 1, 2, 3 என்று போடுவது, அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். இங்கே அழித்தால் பாட்டே போச்சு. போதாக்குறைக்கு, விரிதாள்களில் நிரையை ‘வரிசை’ என்றும் நிரலை ‘நெடுவரிசை’ என்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இது ‘வரிசை நெடுவரிசை’ ஆகிவிடும்!

‘சுட்டெண்’ என்ற பரிந்துரையும் வந்தது. தேடலை விரைவாக்கத் தரவுத்தளம் வைத்திருக்கும் அமைப்புக்கும் (index) அதே சொல்லைப் புழங்குகிறோம். ஒரே அட்டவணையில் இரண்டு சுட்டெண் வேண்டாம்.

‘நிரலெண்’ எனக்கு மிகப் பிடித்தது. நிரல்நிறைப் பொருள்கோளில் ‘நிரல்’ என்பது வரிசையேதான். ‘அன்பும் அறனும்’ என்று தொடங்கும் குறளில் முதலாவது பண்போடும் இரண்டாவது பயனோடும் சேர்வது அந்த வரிசையால்தான். ஆனால் இன்று நிரல் என்றால் கணினி நிரல், இல்லையேல் அட்டவணையின் நிரல். மூன்றாவது சுமையை அச்சொல் தாங்காது.

எனவே ‘இடவெண்’. பட்டியலில் உறுப்பு இருக்கும் இடத்தின் எண், வேறு பொருளுக்கு இடமில்லை. முதல் உறுப்புக்கு இயல்பாக 0 தான் விழும். ‘வரிசையெண் 0’ என்றால் காது உறுத்துகிறது, ‘இடவெண் 0’ உறுத்தவில்லை. வினைகளும் நன்றாக அமைகின்றன. தலையில் புதிய உறுப்பைச் செருகினால் பின்னால் உள்ள அத்தனை நிரைகளிலும் ‘இடவெண் நகரும்’, நீண்ட பட்டியலில் அதுதான் செலவு. ஹைபர்னேட்டுக்குத் தெரியாமல் நேரடியாக ஒரு நிரையை அழித்தால் ‘இடவெண்ணில் துளை விழும்’, அந்த இடத்தில் பட்டியல் வெறுமதிப்பு (null) ஒன்றைக் காட்டும்.

இடவெண் இல்லாத பட்டியலை ஹைபர்னேட் ‘பை’ (bag) என்ற பொருளிலேயே அழைக்கிறது. அதை அப்படியே ‘பை’ எனலாமா? எந்த அடியை எங்கே மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாத பாட்டை நம் இலக்கணம் அடிமறிமாற்று என்கிறது. அதிலிருந்து ‘மறிபட்டியல்’ என்று ஒன்று தோன்றியது. கொஞ்சம் அதிகப்படியோ என்று எனக்கே சந்தேகம், நீங்கள் சொல்லுங்கள்.