ட்வீட்டருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கிருஷ்ணகிரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குச் செய்முறைத் தாள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய வீட்டு ஸ்பீக்கரில் ட்வீட்டர், அதாவது மேல்சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர், பழுது பார்ப்பது பற்றி. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஸ்பீக்கர் ஒலிபெருக்கி என்றால் ஆம்ப்ளிஃபயர் என்ன என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள், ட்வீட்டருக்கு மட்டும் சொல் கொடுங்கள். அது வரும் இடம் இது:

"ஆம்ப்ளிஃபயரில் இட வல ஒயர்களை மாற்றிப் பார்த்து, குறை பெட்டியில்தான் என்று உறுதி செய்துகொள். ஜால்ரா, சலங்கை ஒலி ஒரு பெட்டியில் மட்டும் மங்கினால் இரு பெட்டிகளின் ட்வீட்டர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடு. மங்கல் ட்வீட்டரோடு போனால் பழுது அதில். பெட்டியிலேயே தங்கினால் மேல்சத்தத்தையும் கீழ்ச்சத்தத்தையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில். 8 ஓம் ட்வீட்டர், ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 6 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது."

தர்மபுரியிலிருந்து:

கீச்சொலிப்பான். யோசிக்கவே வேண்டாம் ஐயா. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் குருவிச் சத்தத்திலிருந்துதான் வந்தது, நமக்கோ திருப்பாவை ஏழாம் பாட்டிலேயே ஆனைச்சாத்தன் குருவி 'கீசு கீசு' என்று கத்திவிட்டுப் போயிருக்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து:

> கீச்சொலிப்பான். யோசிக்கவே வேண்டாம்

யோசித்திருக்கலாம் அம்மா. கீசு கீசு இரட்டைக்கிளவி. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியர் கதவைச் சாத்திவிட்டார், பாதியை வெட்டி எடுத்துச் சொல் பண்ண முடியாது. போதாக்குறைக்கு ட்விட்டரில் எழுதுவதையும் கீச்சு என்றே பழக்கிவிட்டோம். தமிழிசையில் மூன்று நிலை உண்டு: மெலிவு, சமன், வலிவு. கீழ்க்குரல் மெலிவு, நடு சமன், மேல்குரல் வலிவு. கீழ்ச்சத்தம் தரும் வூஃபர் மெலிவொலிப்பான், நடுவில் சமனொலிப்பான், ட்வீட்டர் வலிவொலிப்பான். மூன்றும் ஒரே குடும்பமாக வந்துவிடும். இன்னொன்று, ஆனைச்சாத்தனுக்கு வலியன் என்றும் ஒரு பெயர் உண்டு, ஆக அந்தப் பாசுரமும் என் பக்கம்தான்.

தர்மபுரியிலிருந்து:

வலியனிலிருந்து வலிவுக்குத் தாவியதை நான் ரசித்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. இரட்டைக்கிளவி பிரியாதுதான், ஆனால் கீச்சுக்குரல் என்று ஊரே சொல்கிறதே, அது எந்த நூற்பாவைக் கேட்டுக்கொண்டு பிரிந்தது?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நான் பழுது பார்க்கிறவன், இலக்கணம் தெரியாது. பன்னிரண்டு அங்குல வூஃபரை மெலிவு என்று எழுதினால் பையன்கள் சிரிப்பார்கள் சார். கடைக்கு வந்து 'வலிவு போச்சுண்ணா' என்றால் நான் ஆம்ப்ளிஃபயரைத்தான் பிரிப்பேன். நாங்கள் சொல்வது ட்வீட்டர், காயில் ஓப்பன், கன்டன்சர் வீக். அவ்வளவுதான்.

சொல்லை விடுங்கள், தாளில் ஒரு விஷயம் குறைகிறது. மீட்டர் 6 ஓம் காட்டிவிட்டது, அதனால் ட்வீட்டர் நல்லது என்று பையன் முடிவு கட்டிவிடுவான். சில ட்வீட்டர்களில் காயில் ஆடும் இடுக்கில் காந்த எண்ணெய் இருக்கும், பல வருஷத்தில் அது இறுகிப் பசையாகிவிடும். மீட்டரில் சரியாகத்தான் காட்டும், சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வரும். பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துப் புதிது விட வேண்டும். அப்புறம் 'அறுந்தது' என்றவுடன் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். காயிலிலிருந்து முனைக்கு வரும் மெல்லிய கம்பி வெளியே விட்டிருந்தால் சால்டர் வைத்துப் பிழைக்க வைக்கலாம். உள்ளே கருகியிருந்தால்தான் மாற்ற வேண்டும். திருப்புளியைக் காந்தத்துப் பக்கம் கொண்டுபோகும்போது கெட்டியாகப் பிடிக்கச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு போய் டோம் என்கிற மெல்லிய குமிழைக் குத்திவிடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

இதற்குத்தான் குழுவில் கேட்பது. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன் அண்ணா. கன்டன்சர் வீக் என்றால் என்ன நடக்கிறது என்று ஒரு வரி கொடுங்களேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

ட்வீட்டருக்கு முன்னால் தொடராக நிற்கிற கன்டன்சர்தான் கீழ்ச் சத்தத்தைத் தடுக்கிறது. 4.7 மைக்ரோஃபாரட், 8 ஓம் என்றால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைத்துக்கொண்டே வரும். பழைய எலக்ட்ரோலிடிக் வகைக் கன்டன்சர் உள்ளே காய்ந்தால் அளவு இறங்கும், அந்த வெட்டு மேலே ஏறிப்போகும், உள்தடையும் கூடும். ட்வீட்டருக்கு வர வேண்டியதில் பாதி வராது. அதே மதிப்பில் ஃபிலிம் கன்டன்சர் போட்டால் சரி. போடும்போது இரண்டு பெட்டிக்கும் சேர்த்தே போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மந்தமாகவும் இருக்கும்.

ஓசூரிலிருந்து:

அப்படியானால் கிராஸ்ஓவர் ஒரு மடை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இடது கால்வாய், வலது கால்வாய் என்று பிரித்து விடுவது போல இங்கே மேல்சத்தம் ஒரு பக்கம், கீழ்ச்சத்தம் ஒரு பக்கம். பிரிமடை என்று வைக்கலாமே?

தர்மபுரியிலிருந்து:

மடை என்ன தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று பார்க்காது. கிராஸ்ஓவர் பார்த்துத்தான் விடும். அலைபிரிப்பான் போதும். ஆனால் பிரிமடை அழகான சொல், வேறு எதற்காவது எடுத்து வையுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து:

'ட்வீட்டர்' என்றே எழுதலாம் என்று தனிமடலில் ஒருவர். தமிழில் ட் சொல்லுக்கு முதலில் வராது. கடன் வாங்கினாலும் நம் எழுத்துக்கு இறக்கித்தான் வாங்க வேண்டும்: துவீட்டர். வூஃபருக்கு மெலிவு பிடிக்காவிட்டால் உறுமி வைத்துக்கொள்ளுங்கள், குரலுக்குப் பெயரும் பொருந்தும். பாரதக் கூத்தில் முகவீணை கேட்டவர்களுக்கு வலிவு என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சின்னக் குழல் கூட்டம் முழுவதையும் தாண்டிக் கேட்கும். அதைக் கீச்சு என்று யாராவது சொல்வீர்களா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

துவீட்டர் என்று போட்டால் நானே தாண்டிப் போய்விடுவேன் சார். உறுமி அடிக்கிறவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், அவரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

நேரமில்லை. பெரும்பாலானவர்கள் கீச்சொலிப்பான் பக்கம் இருக்கிறீர்கள், அல்லது சலித்துப்போய்ப் பேசாமல் இருக்கிறீர்கள், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். தாளில் முதல் தடவை 'ட்வீட்டர் எனப்படும் கீச்சொலிப்பான்', பிறகு கீச்சொலிப்பான். கிராஸ்ஓவர் அலைபிரிப்பான். வூஃபர் வூஃபராகவே இருக்கட்டும். கன்டன்சருக்குப் பாடநூலில் உள்ள மின்தேக்கி.

ஊத்தங்கரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பில் இதே சொல்லை மாற்ற வருவீர்கள், வலிவொலிப்பானை அதுவரை வைத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மின்தேக்கி சரி. ஆனால் இதில் பிளஸ் மைனஸ் இல்லாதது வேண்டும், மேலே என்.பி. என்று அச்சடித்திருக்கும். வெறும் மின்தேக்கி என்று எழுதினால் பையன் சாதாரண எலக்ட்ரோலிடிக் வாங்கிப் போட்டுவிடுவான். அதற்கு என்ன சொல்?

தர்மபுரியிலிருந்து:

முனைவிலி மின்தேக்கி?

ஊத்தங்கரையிலிருந்து:

அதற்கும் முனை இரண்டு உண்டே அம்மா, ஒயரை எங்கே சேர்ப்பது?