கிளாசிக் 500: இன்ஜெக்‌ஷனை ட்யூன் செய்வதா, கார்ப்பரேட்டருக்கு மாறுவதா?

ஒத்தைசிலிண்டர்:
வணக்கம். என்னுடையது 2013 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி. போன தீபாவளிக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலென்சரும் கோன் ஏர் ஃபில்டரும் மாட்டினேன். சத்தம் அருமை, ஆனால் அதிலிருந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் எடுக்கிறது, கையை விட்டால் சைலென்சருக்குள் பட் பட்டென்று வெடிக்கிறது, டிராஃபிக்கில் சூடு தொடை வரைக்கும் ஏறுகிறது. ஊர் மெக்கானிக் "இந்த கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு கார்ப்பரேட்டர் மாட்டிவிடலாம் தம்பி" என்கிறார், அதாவது கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றின் உறிஞ்சலிலேயே பெட்ரோலைக் கலக்கும் பழைய முறை. கோயம்புத்தூர் நண்பன் அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து பெட்ரோல் அளவை மாற்றும் பிக்கிபேக் பாக்ஸ் போடச் சொல்கிறான், செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருடத்துக்கு ஒரு தடவை ஊட்டி, வால்பாறை போவேன், மற்றபடி ஆபீஸ்தான். எதைச் செய்யலாம்?

பழைய_இரும்பு:
கார்ப்பரேட்டர்தான் தம்பி. பேட்டரி செத்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடாது, கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கார்ப்பரேட்டர் என்றால் எந்த ஊரிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றி ஊதி மாட்டிவிட்டு வீடு வந்து சேரலாம்.

கிரீஸ்கை:
அண்ணன் சொல்வது கார்ப்பரேட்டரோடு பிறந்த 350-க்குச் சரி. 500-ல் ஈசியூ, அதாவது அந்தக் கம்ப்யூட்டர், பெட்ரோலை மட்டும் பார்ப்பதில்லை, பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்பதும் அதன் கையில்தான். அதைக் கழற்றினால் இக்னிஷனுக்குத் தனியாக ஒரு யூனிட் வேண்டும், டேங்குக்குள் இருக்கும் பம்பை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை அடைத்து, பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய் வைக்க வேண்டும், இன்டேக் ரப்பர், கேபிள், வயரிங் எல்லாம் மாறும். மெக்கானிக் சொன்ன தொகையில் இதெல்லாம் அடக்கமா என்று முதலில் கேளுங்கள், அடங்காது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டிக்கு வந்திருப்பது இன்ஜெக்‌ஷனின் கோளாறே இல்லை. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய கணக்கிலேயே வருகிறது. ஐட்லிங்கிலும் நிதான ஓட்டத்திலும் ஆக்சிஜன் சென்சார் கலவையை, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதற்குப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும், ஆனால் சட்டென்று முறுக்கும்போதும் முழு ஆக்ஸிலேட்டரிலும் அந்தத் திருத்தம் கிடையாது, கம்பெனியில் எழுதிய மேப், அதாவது பெட்ரோல் அளவு அட்டவணைதான். முழு ஆக்ஸிலேட்டரில் 13-ஐ ஒட்டி இருக்க வேண்டிய கலவை லீனாகி, பெட்ரோல் குறைந்துபோகிறது, அதனால்தான் திணறலும் சூடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பீங்கான் இளம்பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பட் பட் வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, சைலென்சர் ஜாயின்ட்டில் காற்று இழுத்தாலும் வெடிக்கும். புது கேஸ்கெட் போட்டு போல்ட்டை இறுக்கினாலே பாதி அடங்கிவிடும்.

செலவே இல்லாத வழி, கோனைத் தூக்கிவிட்டு பழைய ஏர்பாக்ஸையும் பேப்பர் ஃபில்டரையும் மாட்டுவது. கூடவே இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் திணறினால் பிக்கிபேக் போடலாம். ஆனால் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் டைனோவில் ஓட்டி மேப் எழுதுகிற ஆளிடம் போங்கள். காதால் கேட்டு ட்யூன் செய்கிறேன் என்பவரிடம் கொடுத்தால் அந்தக் காசுக்கு நாலு டயர் வாங்கியிருக்கலாம்.

மலைப்பாதை:
ஊட்டி போவேன் என்கிறீர்களே, அதற்காகவாவது இன்ஜெக்‌ஷனை விடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் செட் செய்த கார்ப்பரேட்டர் அங்கே போனதும் ரிச்சாகி, அதாவது பெட்ரோல் கூடி, ஐட்லிங் விழுந்து, பிளக்கில் கரி கட்டும். காற்றின் அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலைக் குறைக்கிற வேலையை இன்ஜெக்‌ஷன் தானே செய்துகொள்ளும். இன்னொன்று, 2013 வண்டி என்றால் 2028-ல் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும், ஆர்டிஓ வண்டியைப் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சைலென்சரையாவது அன்றைக்குக் கழற்றி மாட்டிவிடலாம், கார்ப்பரேட்டரை அப்படி முடியாது.

ஒத்தைசிலிண்டர்:
நன்றி. இக்னிஷன் விஷயத்தை மெக்கானிக்கிடம் கேட்டேன், "அதைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றார், அதோடு கார்ப்பரேட்டர் ஆசை போய்விட்டது. ஏர்பாக்ஸ் பரணில்தான் கிடக்கிறது. கோனைக் கழற்றினால் சத்தம் ரொம்பக் குறையுமா?

கிரீஸ்கை:
உள்ளே இழுக்கிற உறுமல் மட்டும் குறையும். பின்னால் வருகிற சத்தம் அப்படியே இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவதும் அப்படியே இருக்கும்.