அகல டிவியில் பழைய படம்: பட்டையோடு பார்ப்பதா, இழுத்து நிரப்புவதா?

மயிலை வாசு:
43 அங்குல டிவி வாங்கியாயிற்று. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நடுவில் கிடைப்பது 35 அங்குலப் படம்தான். 43க்குக் காசு கொடுத்துவிட்டு 35 பார்க்க நான் என்ன இளிச்சவாயனா? ரிமோட்டில் ‘ஃபுல்’ அமுக்கிவிட்டேன். வீட்டில் ஒரே எதிர்ப்பு. நாகேஷையே குண்டாக்கிவிட்டேனாம்!

அது போகட்டும். புதுப் படம் போட்டால் மேலும் கீழும் பட்டை. டிவியும் வைட்ஸ்கிரீன், படமும் வைட்ஸ்கிரீன். அப்புறம் எதற்குப் பட்டை?

ஆபரேட்டர் மகன்:
வாசு சார், வைட்ஸ்கிரீனில் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. பழைய படங்களின் கட்டம் ஏறக்குறைய 4:3, அதாவது உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலம். உங்கள் டிவி 16:9, அதாவது 1.78 மடங்கு. சினிமாஸ்கோப் 2.35, பிற்பாடு 2.39. அமெரிக்காவில் டிவி வந்து தியேட்டர் கூட்டத்தை இழுத்துக்கொண்டபோது, 1953இல் ஃபாக்ஸ் நிறுவனம் இறக்கிய ஆயுதம் அது. கேமரா லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கி ஃபிலிமில் பதியும், புரொஜெக்டர் லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். தமிழுக்கு அது 1973இல் ‘ராஜராஜ சோழன்’ மூலம் வந்தது.

ஸ்கோப் படம் உங்கள் டிவியைவிட அகலம், அதனால் மேலும் கீழும் பட்டை. பழைய படம் டிவியைவிட ஒடுக்கம், அதனால் பக்கவாட்டில் பட்டை. ‘ஃபுல்’ அமுக்கினால் உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தேர்ச் சக்கரம் முட்டையாகிவிடும். தயவுசெய்து இழுக்காதீர்கள், அசல் வடிவத்திலேயே பாருங்கள்.

மயிலை வாசு:
தம்பி, சினிமா அளவுக்கே டிவியைச் செய்திருக்கலாமே? இந்த 16:9 எங்கிருந்து வந்தது? யாருக்கும் பொருந்தாத ஒன்றை எல்லார் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

கணக்கு வாத்தியார்:
யாருக்கும் பொருந்தாது என்பதுதான் அதன் சிறப்பே. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்போது புழங்கிய கட்டங்களை எல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக எடுத்துக்கொண்டு, மையம் ஒன்றாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச் செவ்வகம், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகம், இரண்டுமே கிட்டத்தட்ட 1.77 விகிதம்! 1.33ஐயும் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் அதே எண்தான் வரும்.

நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், 4:3 படம் உங்கள் திரையில் முக்கால் பங்கை நிரப்பும். ஸ்கோப் படமும் அதே முக்கால் பங்கைத்தான் நிரப்பும். இரண்டு தரப்புக்கும் கால் பங்கு நஷ்டம். இதைவிட நியாயமான பஞ்சாயத்து கிடையாது.

சினிமா அளவிலேயே டிவி செய்தும் பார்த்தார்கள். 2009இல் பிலிப்ஸ் 21:9 அளவில் 56 அங்குல டிவி ஒன்றை விற்றது. அதில் சாதாரண டிவி நிகழ்ச்சிக்கே பக்கவாட்டில் பட்டை வரும். அந்த வடிவம் நிலைக்கவில்லை.

திருச்சி தாரா:
பஞ்சாயத்து எல்லாம் சரி, அனுபவிப்பது நாங்கள்தானே. எங்கள் வீட்டில் இழுத்துத்தான் பார்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். பட்டைதான் உறுத்துகிறது. பிளாஸ்மா டிவி இருந்த காலத்தில், 4:3 படத்தைப் பட்டையோடு மணிக்கணக்கில் ஓட்டினால் திரையில் தடம் விழும் என்று டிவியோடு வந்த கையேட்டிலேயே எச்சரித்திருந்தார்கள். பட்டைக்கு இவ்வளவு வக்காலத்து எதற்கு?

அப்புறம், ‘அசல் வடிவம்’ என்கிறீர்களே, எது அசல்? ஹாலிவுட்டில் 1953க்குப் பிறகு எத்தனையோ படங்களை முழுக் கட்டத்தில் எடுத்துவிட்டு, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85 ஆகக் காட்டினார்கள். இயக்குநர் குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ தியேட்டரில் 1.85, வீட்டு வீடியோவில் 4:3. அதில் எதை அசல் என்று கும்பிடுவது?

ஆபரேட்டர் மகன்:
நல்ல அடி, தாரா அக்கா. ஆனால் நீங்கள் சொன்ன ஹாலிவுட் படங்கள் எதிலும் யாரும் முகத்தை இழுக்கவில்லை. எவ்வளவு மறைப்பது என்பதில்தான் வித்தியாசம். 1.85ஆக இருந்தாலும் 4:3ஆக இருந்தாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

வெட்டுவதிலும் ஆபத்து உண்டு. 2019இல் டிஸ்னி பிளஸ் ஓடிடி தொடங்கியபோது ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் பழைய 4:3 பகுதிகளை மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கிப் போட்டார்கள். ஒரு காட்சியில் மூன்று வகை பீர் என்று தனித்தனித் தொட்டிகள் இருக்கும், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் வரும். நகைச்சுவையே அந்தக் குழாய்தான். அதையே வெட்டிவிட்டார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டு, 2020இல்தான் 4:3 திரும்பக் கிடைத்தது.

திருச்சி தாரா:
நம் ஊர் சேனல்களைப் பற்றிப் பேசுங்கள். அவர்களே இழுத்து அனுப்பினால் என் ரிமோட்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

கணக்கு வாத்தியார்:
இது சரியான கேள்வி. நம் எஸ்டி (எச்டி அல்லாத சாதாரணத் தர) ஒளிபரப்பில் படம் 720க்கு 576 புள்ளிகள். 4:3 படத்துக்கும் அதே புள்ளிகள், 16:9 படத்துக்கும் அதே புள்ளிகள். எந்த வடிவில் காட்டுவது என்று ஒரு சிறு குறிப்பு கூடவே வரும். சேனல் அதைத் தப்பாக அனுப்பினாலோ, செட்டாப் பாக்ஸ் அதை மதிக்காவிட்டாலோ போச்சு. பாக்ஸ் பழைய டியூப் டிவிக்கான 4:3 அமைப்பிலேயே இருந்தால், சில படங்களுக்கு நாலு பக்கமும் பட்டை வந்து நடுவில் தபால்தலை மாதிரி ஓடும்.

தப்பு யாருடையது என்று பார்க்கச் சேனல் லோகோவைக் கவனியுங்கள். லோகோவைச் சேனல்காரர்கள் கடைசியில் ஒட்டுகிறார்கள். வட்ட லோகோ வட்டமாக இருந்து, முகம் மட்டும் அகலமாக இருந்தால் சேனலே இழுத்திருக்கிறது. லோகோவும் முட்டையாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டில். பாக்ஸை 16:9 என்று வைத்து, டிவியில் ‘ஒரிஜினல்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சேனல் இழுத்ததாக இருந்தால் டிவியில் 4:3 அமுக்குங்கள், நாகேஷ் ஒல்லியாகிவிடுவார், லோகோ நசுங்கும். நசுங்கட்டும்.

திருச்சி தாரா:
ஒவ்வொரு படத்துக்கும் லோகோ பார்த்து, மெனுவுக்குப் போய், மாற்றி, சேனல் தாவினால் மறுபடி மாற்றி... வாத்தியார் ஐயா, இதை என் மாமியாருக்கு வந்து சொல்லிக்கொடுங்கள். நான் ‘ஃபுல்’ கட்சியிலேயே இருக்கிறேன்.

புதுக்கோட்டை பாலா:
இது போதாதென்று இப்போது 2:1 வேறு வந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 1998இல், சினிமாவுக்கும் டிவிக்கும் பொதுவாக அதையே வைக்கலாம் என்றார். இப்போது ஓடிடி தொடர்கள் பல அந்த அளவில்தான் வருகின்றன. அதற்கும் 16:9இல் மெல்லிசாகப் பட்டை உண்டு, வாசு சார்.

மயிலை வாசு:
ஆக பழைய படத்துக்குப் பக்கத்தில் பட்டை, ஸ்கோப்புக்கு மேலே கீழே பட்டை, தொடருக்கு மெல்லிசுப் பட்டை. நான் வாங்கிய டிவியை முழுசாக நிரப்ப எதுதான் வரும்?

ஆபரேட்டர் மகன்:
கிரிக்கெட்.